‘லேபர் ஷார்ட்டேஜ்’ என்று எழுதிய இடத்தில் தொடங்குங்கள்

கேள்வி: சென்னை ஓ.எம்.ஆர். பக்கம் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்புத் திட்டத்தில், கான்ட்ராக்டர் தரப்பில் பிளானிங் இன்ஜினீயராக இருக்கிறேன். பகுதிநேரமாக எம்.இ. கன்ஸ்ட்ரக்ஷன் மேனேஜ்மென்ட் படிக்கிறேன். ஒரு கட்டுரையாவது வெளியிட வேண்டும் என்று ஆசை. ‘தாமதத்துக்கான காரணங்கள்’ என்று ஒரு கேள்வித்தாள் தயாரித்து ஐம்பது பேரிடம் நிரப்பி வாங்கி ஆர்.ஐ.ஐ. (காரணங்களின் ஒப்பீட்டு முக்கியத்துவக் குறியீடு) போட்டுவிடு என்கிறார் கைடு. இதற்கிடையே ஒரு ‘சர்வதேச ஜர்னல்’, 3,500 ரூபாய் கட்டினால் மூன்றே நாளில் வெளியிடுகிறோம் என்று மெயில் அனுப்பியிருக்கிறது. ஜர்னல் எதற்கு, ஏதாவது கட்டுமானப் பத்திரிகையில் எழுது என்கிறார் நண்பர். என் கையில் இருப்பது ஒன்றரை வருஷமாக நானே ஓட்டிவரும் ஓர் எக்செல் ஃபைல்தான்: வாராவாரம் முடிப்பதாகச் சொன்ன வேலை, முடிந்ததா, முடியாவிட்டால் ஏன். மாதிரிக்கு ஒரு பக்கம் இணைத்திருக்கிறேன். இது எதற்காவது ஆகுமா சார்? என் ஆங்கிலமும் சுமார்தான். - பிளானிங் இன்ஜினீயர், சென்னை.

பதில்:

அன்புள்ள பிளானிங் இன்ஜினீயருக்கு,

கடிதத்தை விட நீங்கள் இணைத்திருந்த அந்த ஒரு பக்கத்தைத்தான் அதிக நேரம் படித்தேன். ‘இது எதற்காவது ஆகுமா’ என்று கேட்டிருக்கிறீர்கள். உங்களிடம் இருப்பதிலேயே அதுதான் சரக்கு. கேள்வித்தாளை ஓரமாக வையுங்கள். ஏன் என்று சொல்கிறேன், கைடிடம் பேசவும் உதவும்.

தாமதக் காரணங்களைக் கேள்வித்தாள் வைத்து வரிசைப்படுத்துவது நம் துறையில் அரைத்த மாவு. 2006-ல் சவூதி அரேபியாவின் கிழக்கு மாகாணத்தில் நடந்த ஓர் ஆய்வு ‘இன்டர்நேஷனல் ஜர்னல் ஆஃப் ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட்’ இதழில் வந்தது. 73 காரணங்களைப் பட்டியலிட்டு 23 கான்ட்ராக்டர்கள், 19 கன்சல்டன்டுகள், 15 உரிமையாளர்களிடம் கருத்துக் கேட்டார்கள். அன்றைக்கு அது பயனுள்ள வேலை, இன்றும் எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். அதன் பிறகு மலேசியா, ஜோர்டான், எகிப்து, வியட்நாம், இந்தியா என்று நாட்டின் பெயரை மட்டும் மாற்றி எத்தனையோ கட்டுரைகள் வந்துவிட்டன. இன்று அதே கேள்வித்தாளில் ‘சென்னை’ என்று சேர்த்து அனுப்பினால், கட்டுரையை மதிப்பிடும் ரிவ்யூவருக்குக்கூடப் போகாமல் ஆசிரியர் மேஜையிலிருந்தே திரும்பி வரும். ‘டெஸ்க் ரிஜெக்ட்’ என்பார்கள்.

இன்னொரு கோளாறும் இருக்கிறது. ஆர்.ஐ.ஐ.யில் ஒவ்வொருவரும் ஒரு காரணத்துக்கு 1 முதல் 5 வரை மதிப்பெண் போடுகிறார்கள். மொத்தத்தைக் கூட்டி, ஆட்களின் எண்ணிக்கையை ஐந்தால் பெருக்கி வந்த தொகையால் வகுத்தால் 0.2-க்கும் 1-க்கும் நடுவில் ஓர் எண் வரும். எவ்வளவு நாள் தாமதமானது என்பது அந்த எண்ணில் கிடையாது. தாமதத்தைப் பற்றி ஐம்பது பேர் என்ன நினைக்கிறார்கள் என்பதுதான் இருக்கிறது. கான்ட்ராக்டரைக் கேட்டால் பில் வரவில்லை என்பார், உரிமையாளரைக் கேட்டால் கான்ட்ராக்டருக்குத் திட்டமிடத் தெரியவில்லை என்பார். இதற்குக் கேள்வித்தாள் வேண்டுமா, சைட் மீட்டிங்கில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் போதுமே! யார் எதை நம்புகிறார்கள் என்பதே உங்கள் கேள்வி என்றால் கேள்வித்தாள் நியாயம். வேலை ஏன் நின்றது என்பது கேள்வி என்றால், நின்ற இடத்தின் பதிவு வேண்டும். அது உங்களிடம் இருக்கிறது. அந்த சைட்டுக்கு வெளியே யாரிடமும் இல்லை.

சரி, அந்தப் பக்கத்துக்கு வருவோம். மூன்று வரிகளைப் பென்சிலால் வட்டமிட்டு வைத்திருக்கிறேன்.

முதல் வரி: டவர் பி, 9-வது தளம், ஸ்லாப் ஷட்டரிங், முடியவில்லை. காரணம் ‘லேபர் ஷார்ட்டேஜ்’. பக்கத்துக் குறிப்பில் ‘கேங் டவர் ஏ-க்கு மாற்றப்பட்டது’.

இரண்டாவது: டவர் ஏ, 5-வது தளம், பிளாக் ஒர்க், முடியவில்லை. காரணம் ‘லேபர் ஷார்ட்டேஜ்’. குறிப்பில் ‘பிளாக் லோடு வரவில்லை, கொத்தனார்கள் திரும்பிப் போய்விட்டார்கள்’.

மூன்றாவது: டவர் சி, உள்பூச்சு, முடியவில்லை. காரணம் ‘லேபர் ஷார்ட்டேஜ்’. குறிப்பில் ‘சத் பூஜைக்கு ஊருக்குப் போயிருக்கிறார்கள்’.

மூன்றுக்கும் காரணப் பத்தியில் ஒரே வார்த்தை. ஆனால் ஆள் இல்லாமல் நின்றது மூன்றாவது மட்டும்தான். அதுகூட காலண்டரில் தேதி போட்டு வரும் பண்டிகை, முன்கூட்டியே தெரியாதது இல்லை. முதல் வரியில் ஆட்கள் இருந்தார்கள். இன்னொரு டவருக்கு அவசரம் என்று யாரோ முடிவெடுத்து அவர்களை இழுத்துக்கொண்டு போனார்கள். இரண்டாவதில் ஆட்கள் வந்து நின்றார்கள், பொருள் வரவில்லை. பர்ச்சேஸ் பிரிவு செய்த தவறு லேபர் கணக்கில் எழுதப்பட்டுவிட்டது. ‘லேபர் இல்லை’ என்று சொன்னால் மீட்டிங்கில் யாரும் மேற்கொண்டு கேட்க மாட்டார்கள், அதனால்தான் அந்த வார்த்தைக்கு சைட்டில் இவ்வளவு செல்வாக்கு.

உங்கள் கட்டுரை இங்கேதான் இருக்கிறது. ‘லேபர் ஷார்ட்டேஜ் என்று பதிவானவற்றில் எவ்வளவு உண்மையான ஆள் பற்றாக்குறை, மீதி என்ன?’ ஒரே கேள்வி. ‘இந்தியக் கட்டுமானத் துறையில் தாமதம்’ என்று அகலமாக வைத்தால் எதையும் நிரூபிக்க முடியாது. இதை நிரூபிக்கலாம், மறுக்கவும் செய்யலாம். ஒருவேளை பெரும்பாலானவை உண்மையான பற்றாக்குறைதான் என்று வந்தாலும் நல்லதுதான், அதையும் எழுதலாம்.

நீங்கள் செய்துவருவதற்குத் துறையில் ஏற்கெனவே பெயர் இருக்கிறது, தெரிந்துகொள்ளுங்கள். 1990-களில் கிளென் பாலார்டும் கிரெக் ஹோவெலும் உருவாக்கிய ‘லாஸ்ட் பிளானர்’ முறையில், வாரத் திட்டத்தில் ஒப்புக்கொண்ட வேலைகளில் எத்தனை சதவீதம் முடிந்தது என்பதைப் ‘பி.பி.சி.’ என்று கணக்கிடுவார்கள், முடியாததற்குக் காரணமும் எழுதுவார்கள். பாலார்டு இதை 2000-ல் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வாகவே கொடுத்தார். விரயத்தைக் குறைத்துக் கட்டும் ‘லீன் கன்ஸ்ட்ரக்ஷன்’ (லாஸ்ட் பிளானர் அதில் ஒரு பகுதி) ஆய்வாளர்களின் சர்வதேசக் குழுவான ஐ.ஜி.எல்.சி. 1993-ல் பின்லாந்தின் எஸ்போவில் தொடங்கியது. அதன் ஆண்டு மாநாடு 2018-ல் நம் சென்னையிலேயே நடந்தது. அந்த மாநாட்டுக் கட்டுரைகள் எல்லாம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அதில் ‘வேலை முடியாததற்கான காரணங்கள்’ பற்றி வந்தவற்றைத் தேடி எடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு விஷயம் பாருங்கள்: காரணங்களை அவர்கள் எப்படி வகை பிரித்தார்கள், அந்த வகைப்பாடு சரியா என்று யாராவது சோதித்தார்களா? அந்தக் கேள்வியோடு இருபது, முப்பது கட்டுரை படித்தால் உங்கள் இலக்கிய மதிப்பாய்வு (முந்தைய ஆய்வுகளை அலசும் பகுதி) தானாக வடிவம் பெறும். ‘இவர் இப்படிச் சொன்னார், அவர் அப்படிச் சொன்னார்’ என்று வரிசையாக அடுக்குவது மதிப்பாய்வு ஆகாது.

சந்தா கட்ட வேண்டிய ஜர்னல்களை எப்படிப் படிப்பது என்பது உங்களுக்கு அடுத்த தலைவலியாக இருக்கும். ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்தை மத்திய அமைச்சரவை 2024 நவம்பரில் ஒப்புக்கொண்டது. 6,000 கோடி ரூபாய், முப்பது பதிப்பகங்கள், ஏறத்தாழ 13,000 இதழ்கள். ஆனால் அது அரசுக் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களுக்கு மட்டும். உங்கள் கல்லூரி அரசுக் கல்லூரி என்றால் பகுதிநேர மாணவரான உங்களுக்கும் லாகின் உண்டா என்று நூலகரிடம் நேரில் போய்க் கேளுங்கள். தனியார் கல்லூரி என்றால், பிரிட்டனின் கட்டுமான மேலாண்மை ஆய்வாளர் சங்கமான ஆர்காமின் மாநாட்டுக் கட்டுரைகள் இலவசம், இந்திய முனைவர் பட்ட ஆய்வேடுகளுக்கு ‘ஷோத்கங்கா’ இருக்கிறது. அப்புறம், கட்டுரை ஆசிரியருக்கே இரண்டு வரி மெயில் போட்டுப் பி.டி.எஃப். கேளுங்கள். பெரும்பாலும் அனுப்புவார்கள். தன் கட்டுரையை ஒருவர் கேட்டுப் படிக்கிறார் என்பதே எங்களுக்கெல்லாம் பெரிய சந்தோஷம்.

இனி தரவு. உங்கள் எக்செல் ஃபைலை அப்படியே எடுத்து வரைபடம் போட்டால் போதாது. அந்தக் காரணங்களை எழுதியவர் நீங்கள்; அந்த சைட்டில் சம்பளம் வாங்குபவர். ரிவ்யூவர் முதலில் கேட்கப்போவது இதைத்தான், அவர் கேட்கும் முன் நீங்களே செய்துவிடுங்கள். முதலில் ஒரு வகைப்பாட்டு விதி எழுதுங்கள். ஆள் சைட்டுக்கே வரவில்லை என்றால் ஒரு குறியீடு. வந்தார், வேறு டவருக்கு மாற்றப்பட்டார் என்றால் இன்னொன்று. வந்தார், பொருளோ டிராயிங்கோ கிளியரன்ஸோ இல்லாமல் சும்மா நின்றார் என்றால் மூன்றாவது. வந்தார், வேலையும் செய்தார், ஆனால் அந்த ஆட்களால் முடியாத அளவுக்குத் திட்டமிட்டிருந்தோம் என்றால் நான்காவது. இந்த நான்காவதை யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள், ஆனால் நிறைய இருக்கும். பிறகு, அந்த சைட்டோடு சம்பந்தமில்லாத இன்னொரு இன்ஜினீயரிடம், நீங்கள் போட்ட குறியீட்டைக் காட்டாமல், அதே வரிகளைக் கொடுத்துப் போடச் சொல்லுங்கள். இருவரும் எவ்வளவு ஒத்துப்போகிறீர்கள் என்பதற்குக் கோஹன் கப்பா என்று ஒரு கணக்கு இருக்கிறது, எந்தப் புள்ளியியல் மென்பொருளிலும் வரும். ஒத்துப்போகாத வரிகளை மறைக்காதீர்கள். இரண்டு இன்ஜினீயர்கள் ஒரே வரியைப் படித்து வேறு வேறு காரணம் சொல்கிறார்கள் என்றால், அந்தப் பதிவு எழுதப்படும் முறையே சரியில்லை என்று அர்த்தம். அதுவும் ஒரு கண்டுபிடிப்புதான்.

மூன்றாவதாக, வேறு ஒரு பதிவோடு ஒப்பிட வேண்டும். கேட்டில் விழும் பயோமெட்ரிக் வருகை, பொருள் வந்த சலான், கான்கிரீட் போட்ட ரிஜிஸ்டர் - இவை உங்கள் கருத்தைக் கேட்காமல் உருவாகும் தாள்கள். ‘லேபர் ஷார்ட்டேஜ்’ என்று எழுதிய வாரத்தில் கேட் வருகை குறைந்திருக்கிறதா, இல்லையா? குறையவில்லை என்றால் அதைக் காட்டும் ஒரு வரைபடம் போதும். கட்டுரையின் மற்றப் பக்கங்கள் எல்லாம் அந்த வரைபடத்தை வாசகர் நம்புவதற்காக எழுதுவது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு எச்சரிக்கை மட்டும். பி.பி.சி. அதிகம் என்பதாலேயே வேலை வேகமாகப் போகிறது என்று எழுதிவிடாதீர்கள். சுலபமான வேலைகளை மட்டும் வாரத் திட்டத்தில் போட்டால் பி.பி.சி. தொண்ணூறைத் தாண்டும், கட்டடம் அதே இடத்தில் நிற்கும். இதை ரிவ்யூவர்கள் உடனே பிடித்துவிடுவார்கள்.

ஜர்னலா பத்திரிகையா என்று கேட்டிருந்தீர்கள். இரண்டும் எழுதலாம், ஆனால் இரண்டையும் ஒரே கட்டுரையாக எழுத முடியாது. பத்திரிகை ஆசிரியர் கேட்பது, ‘இதைப் படித்துவிட்டு என் வாசகர் திங்கள்கிழமை சைட்டில் என்ன மாற்றுவார்?’ ஜர்னல் ரிவ்யூவர் கேட்பது, ‘இதற்கு முன் தெரியாத எதைச் சொல்கிறாய், அது உனக்கு எப்படித் தெரியும்?’ பத்திரிகைக்கு என்றால் ஆயிரத்து ஐந்நூறு வார்த்தை போதும். அந்த மூன்று வரிகளில் தொடங்குங்கள், காரணப் பத்தியை எப்படி மாற்றியமைப்பது என்று ஒரு மாதிரிப் படிவம் கொடுங்கள், ஃபோட்டோ இரண்டு வையுங்கள். மேற்கோள் பட்டியல் வேண்டாம், கப்பாவும் வேண்டாம். ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும் என்றும் இல்லை. தமிழில் வரும் கட்டுமான மாத இதழ்களில் சூப்பர்வைசர்களும் சிறு கான்ட்ராக்டர்களும் படிக்கிறார்கள், ‘லேபர் இல்லை’ என்று வாயால் சொல்பவர்களே அவர்கள்தான். தொழில்முறை இதழ்களைக் குறைவாக நினைக்கவும் வேண்டாம். ‘இந்தியன் கான்கிரீட் ஜர்னல்’ 1927 முதல் வருகிறது, அதில் எழுதியவர்களில் சைட்டில் காலம் கழித்த இன்ஜினீயர்கள் எத்தனையோ பேர். உங்கள் விஷயம் அதற்குப் பொருந்தாது, கான்கிரீட் சம்பந்தமாகப் பின்னால் எழுதினால் நினைவில் வையுங்கள்.

ஆனால் வரிசை முக்கியம். முழுத் தரவையும் பத்திரிகையில் கொட்டிவிட்டால், ஜர்னலில் ‘ஏற்கெனவே வெளியானது’ என்று பிரச்சினை வரும். என் யோசனை: முதலில் ஒரு மாநாட்டுக் கட்டுரை. ஐ.ஜி.எல்.சி. உங்கள் விஷயத்துக்கே ஆன இடம், செலவு அதிகம் என்றால் இந்தியாவிலேயே நடக்கும் லீன் கன்ஸ்ட்ரக்ஷன் மாநாடு. அங்கே கிடைக்கும் கேள்விகளை வைத்து விரிவாக்கி ஜர்னலுக்கு அனுப்புங்கள். மாநாட்டில் வந்ததன் விரிவாக்கம் இது, புதிதாகச் சேர்த்தது இன்னது என்று ஆசிரியருக்கு எழுதும் கடிதத்தில் சொல்லிவிடுங்கள். பத்திரிகைக் கட்டுரை கடைசியில், எண்களைக் குறைத்து, செய்முறையைக் கூட்டி.

எந்த ஜர்னல்? நீங்கள் மேற்கோள் காட்டும் கட்டுரைகளில் பாதி எந்த இதழில் வந்திருக்கிறதோ அங்கே. ‘கன்ஸ்ட்ரக்ஷன் மேனேஜ்மென்ட் அண்ட் எகனாமிக்ஸ்’ 1983 முதல் வருகிறது. சைட்டில் மனிதர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதை விவரமாகக் காட்டும் ஆய்வுகளுக்கு அங்கே இடம் உண்டு, ஆனால் கோட்பாட்டு வாதத்தை எதிர்பார்ப்பார்கள். அமெரிக்க சிவில் இன்ஜினீயர்கள் சங்கமான ஏ.எஸ்.சி.இ.யின் ‘ஜர்னல் ஆஃப் கன்ஸ்ட்ரக்ஷன் இன்ஜினீயரிங் அண்ட் மேனேஜ்மென்ட்’ அளவீட்டில் கறார். எமரால்டு பதிப்பகத்தின் ‘இன்ஜினீயரிங், கன்ஸ்ட்ரக்ஷன் அண்ட் ஆர்க்கிடெக்சரல் மேனேஜ்மென்ட்’ இதழுக்குச் சுருக்கத்தை நோக்கம், முறை, கண்டது, புதுமை என்று தலைப்புப் பிரித்து 250 வார்த்தைக்குள் எழுதச் சொல்வார்கள். அங்கே அனுப்பாவிட்டாலும் அப்படி ஒருமுறை எழுதிப் பாருங்கள். ‘கண்டது’ என்ற தலைப்பின் கீழ் எழுத எண் ஏதும் இல்லை என்றால் கட்டுரை இன்னும் தயாராகவில்லை. பிரிட்டனின் சிவில் இன்ஜினீயர்கள் சங்கமான ஐ.சி.இ.யின் ‘மேனேஜ்மென்ட், ப்ரொக்யூர்மென்ட் அண்ட் லா’ இதழையும் பாருங்கள், தொழிலில் இருப்பவர்கள் எழுதுவதை வரவேற்கும் இடம்.

3,500 ரூபாய் மெயில். வேண்டாம். மூன்று நாளில் யாரும் ஒரு கட்டுரையைப் படித்து மதிப்பிட முடியாது. நல்ல ஜர்னலில் முதல் பதில் வரவே மாதக்கணக்கில் ஆகும். ‘ஐ.எஸ்.எஸ்.என். உள்ளது’ என்பார்கள், அது வெறும் வரிசை எண், யார் கேட்டாலும் கிடைக்கும். ‘இம்பாக்ட் ஃபேக்டர் 7’ (இதழின் கட்டுரைகள் சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டப்படுகின்றன என்ற கணக்கு) என்று போட்டிருப்பார்கள். அந்தப் பெயரில் துறை ஏற்றுக்கொண்ட கணக்கு கிளாரிவேட் நிறுவனம் வெளியிடுவது ஒன்றுதான். ‘யூ.ஜி.சி. அங்கீகாரம்’ என்று சொன்னால் இன்னும் சந்தேகப்படுங்கள். 2019-ல் யூ.ஜி.சி. கொண்டுவந்த தரமான இதழ்களின் ‘கேர்’ பட்டியலை 2025 பிப்ரவரியில் அதுவே கைவிட்டுவிட்டது. ஆய்விதழ்களின் தரவுத்தளமான ஸ்கோப்பஸில் இருக்கிறது என்றால் ஸ்கோப்பஸின் இலவசப் பட்டியலில் நீங்களே தேடி, எந்த வருஷம் வரை சேர்த்திருக்கிறார்கள் என்று பாருங்கள். நடுவில் நீக்கப்பட்ட இதழ்களும், உண்மையான இதழின் பெயரில் போலித் தளம் நடத்துபவர்களும் இருக்கிறார்கள். பணம் கேட்டாலே மோசடி என்றும் சொல்ல முடியாது. நல்ல பதிப்பகங்களிலும் எல்லோரும் இலவசமாகப் படிக்கும்படி வெளியிட ஆயிரக்கணக்கான டாலர் வாங்குகிறார்கள். ஆனால் சந்தா வழியில் வெளியிட்டால் நான் மேலே சொன்ன இதழ்களில் உங்களிடம் பொதுவாகப் பணம் வாங்க மாட்டார்கள். எம்.இ.க்குக் கட்டுரை கட்டாயம் என்று யாராவது அவசரப்படுத்தினால் உங்கள் பல்கலைக்கழக விதியை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். முனைவர் பட்டத்துக்கே ஜர்னல் கட்டுரை கட்டாயம் என்பதை யூ.ஜி.சி. 2022 விதிகளில் எடுத்துவிட்டது. தனித்தனிப் பல்கலைக்கழகங்கள் தங்கள் விதியை வைத்திருக்கலாம்.

ஆங்கிலம் சுமார் என்று கவலைப்படுகிறீர்கள். ரிவ்யூவராக என்னிடம் வருபவற்றில் மோசமான ஆங்கிலத்தால் நான் நிராகரித்தது அபூர்வம், என்ன சொல்ல வருகிறார் என்றே தெரியாமல் நிராகரித்ததுதான் அதிகம். முன்னுரையிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். நீங்கள் செய்ததை முதலில் எழுதுங்கள்: எந்த மாதிரி சைட், எந்த வகை கான்ட்ராக்ட், எத்தனை கேங், வாரத் திட்டம் யார் போடுவார்கள், எந்தக் கிழமை. அதற்கு எளிய இறந்தகால வாக்கியம் போதும். அடுத்து முடிவுகள். முன்னுரை கடைசியில். ‘கட்டுமானத் துறை நாட்டின் பொருளாதாரத்துக்கு முதுகெலும்பு’ என்ற வரி மட்டும் வேண்டவே வேண்டாம், எனக்கு வரும் கட்டுரைகளில் பாதிக்கு மேல் அந்த முதுகெலும்போடுதான் வருகின்றன. அதற்குப் பதிலாக, ‘வாரத் திட்டத்தில் முடியாத வேலைகளுக்கு ஆள் பற்றாக்குறையே காரணம் என்று பதிவாகிறது, அந்தப் பதிவு எவ்வளவு நம்பத்தக்கது என்று யாரும் சோதித்ததாகத் தெரியவில்லை’ என்று ஆரம்பித்துப் பாருங்கள். அந்த இரண்டாவது பாதியை எழுதும் உரிமை, நீங்கள் உண்மையிலேயே தேடிப் படித்த பிறகுதான் வரும்.

ஏ.ஐ. கருவிகளில் இலக்கணம் திருத்திக்கொள்ளலாம். பெரும்பாலான இதழ்கள் அதைச் சொல்லிவிட்டுச் செய்தால் அனுமதிக்கின்றன. மேற்கோள் தேடித் தரச் சொல்லாதீர்கள், இல்லாத கட்டுரைக்கு இருக்கும் ஆசிரியரின் பெயரைப் போட்டுக் கொடுத்துவிடும். கம்பெனித் தரவை அதில் ஏற்றவும் கூடாது. பிறர் எழுத்தோடு ஒப்புமை பார்க்கும் ‘டர்னிட்டின்’ மென்பொருள் காட்டும் எண்ணைப் பற்றியும் பயப்பட வேண்டாம். 2018 யூ.ஜி.சி. விதியில் பத்து சதவீதம் வரை ஒப்புமைக்குத் தண்டனை இல்லை. உங்கள் சைட்டைப் பற்றி உங்கள் வார்த்தையில் எழுதினால் அந்த எல்லையைத் தொடவே மாட்டீர்கள்.

ரிவ்யூ வந்ததும் முதல் நாள் பதில் எழுதாதீர்கள். ஒருவர் நிச்சயம் எழுதுவார்: ‘ஒரே சைட்டின் தரவு, பொதுமைப்படுத்த முடியாது.’ சரிதான், முடியாது. இன்னும் இரண்டு சைட் சேர்க்கிறேன் என்று ஒப்புக்கொண்டு மாட்டிக்கொள்ள வேண்டாம். ‘எல்லா சைட்டிலும் இதே சதவீதம் வரும் என்று நாங்கள் சொல்லவில்லை, பதிவான காரணமும் உண்மைக் காரணமும் வேறாக இருக்கக்கூடும், அதைக் கண்டுபிடிக்க இது ஒரு வழி என்பதே எங்கள் வாதம், கான்ட்ராக்ட் வகை, கேங் முறை போன்ற சூழ்நிலைகளை இன்ன பக்கத்தில் சேர்த்திருக்கிறோம்’ என்று எழுதுங்கள். ஒவ்வொரு கருத்தையும் இடது பத்தியில் அப்படியே ஒட்டி, வலது பத்தியில் பதிலும் திருத்திய பக்க எண்ணும் கொடுங்கள். ஒரு கருத்தைக்கூட விட்டுவிடாதீர்கள். மறுக்கலாம், காரணத்தோடு.

பெயர் போடுவது: கைடு முறையையும் எழுத்தையும் சேர்ந்து செய்தால் அவர் பெயர் வரட்டும். இரண்டாவது ஆளாகக் குறியீடு போட்ட இன்ஜினீயர் அதை மட்டும் செய்தார் என்றால் நன்றியுரையில். ப்ராஜெக்ட் மேனேஜர் பதவியில் இருக்கிறார் என்பதற்காக அவர் பெயரைச் சேர்க்காதீர்கள்.

கடைசியாக, மற்ற எதையும் தொடங்கும் முன் செய்ய வேண்டியது. உங்கள் திட்டத்தில் காலநீட்டிப்புக் கோரிக்கை நிலுவையில் இருக்கிறதா என்று கான்ட்ராக்ட்ஸ் பிரிவில் விசாரியுங்கள். உரிமையாளர் டிராயிங் தரவில்லை, அதனால் தாமதம் என்று உங்கள் கம்பெனி ஒரு பக்கம் கிளைம் போட்டிருக்க, பொருளும் ஆளும் எங்கள் திட்டமிடலால்தான் நின்றன என்று அதே கம்பெனியின் பிளானிங் இன்ஜினீயர் ஜர்னலில் எழுதினால், அது ஆர்பிட்ரேஷனில் எதிர்த்தரப்பு கையில் போய்ச் சேரும். ரகசியக் காப்பு ஷரத்து கான்ட்ராக்டிலும் இருக்கும், உங்கள் வேலை நியமனக் கடிதத்திலும் இருக்கும். ஆகவே வாய்மொழி அனுமதி போதாது, மெயிலில் வாங்குங்கள். அந்த மெயிலில் நாலு விஷயம் தெளிவாக இருக்கட்டும்: எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை உள்ள தரவு; கம்பெனி, உரிமையாளர், திட்டம், இடம் எதன் பெயரும் வராது, டவர்களின் எண்ணிக்கைகூட மாற்றிச் சொல்லாமல் தோராயமாகவே வரும்; தொழிலாளர்களின் பெயரோ வருகை எண்ணோ வராது; அனுப்பும் முன் வரைவை அவர்கள் படித்து, ரகசியத் தகவல் இருந்தால் பதினைந்து நாளுக்குள் சுட்டிக்காட்டலாம், ஆனால் முடிவுகளை மாற்றச் சொல்ல முடியாது. இந்தக் கடைசி வரியை எடுத்துவிடச் சொல்வார்கள். அதற்கு மட்டும் இணங்காதீர்கள். கிளைம் நிலுவையில் இருக்கிறது, இப்போது வேண்டாம் என்றால் சம்மதியுங்கள். அது தீரும் வரை குறியீடு போடும் வேலையை முடித்து வைக்கலாம், அதற்கே சில மாதம் பிடிக்கும்.